பாஸ்

அதிகாலை நாலு நாற்பது. டாண்டினாங்.
அடுக்களை மேடையில் ஹெட்செட், ஆறிய காப்பி.
தொலைபேசியில் மொழிபெயர்ப்பு; நிமிடக் கணக்கில் கூலி.
கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது:
ஒப்பந்தத்தின் நான்காம் பத்தி.
பெயரையும் வெளியே சொல்லக்கூடாது.
ஆகவே அவளைத் தவமலர் என்கிறேன்.

தற்செயலோ, வேறு ஆளில்லையோ,
அந்த வாரம் முழுக்க நானே கிடைத்தேன்.
அவள் கணவனின் உடம்புக்குள்
ஒரே வினைச்சொல்லைத் தள்ளிக்கொண்டு திரிந்தேன்.
திங்கள்: சிறுநீர் பாஸாகிறதா?
போகுதா என்றேன்.
செவ்வாய்: காற்று பாஸானதா?
பிரிஞ்சுதா என்றேன், மூவருக்குமாக நானே வெட்கப்பட்டு.
புதன்: மயங்கி விழுந்தார்.
அதற்கும் அதே சொல், வாலில் ஓர் 'அவுட்'.
வியாழன், விழுங்கும் சோதனை.
ஒரு கரண்டி தயிர், ஒரு மிடறு தண்ணீர்.
பாஸ் என்றாள் நர்ஸ்.
நான் வாயெடுக்கும் முன்பே தவமலர் சிரித்தாள்:
"விளங்கிச்சுது தங்கச்சி. சித்தியடைஞ்சிட்டார்."

எங்கள் நாகர்கோவில் பக்கம்
சாமியார்கள்தான் சித்தியடைவார்கள்.
அவள் ஊரில் பரீட்சை எழுதிய பிள்ளைகள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
நான்காம் பத்தி.

இன்று வெள்ளி.
இரவெல்லாம் நின்ற ஓர் இளம் டாக்டரின் குரல்.
வருந்துகிறேன் என்றார்,
வருந்துகிறேன் என்றேன்.
பிறகு நாலு பத்து என்றார், அவர் என்றார்,
பாஸ் என்றார்.

"பாஸ் பண்ணிட்டாரோ?
அப்ப வீட்ட விடுவினமோ?"

மூன்று நொடி இருந்தது எனக்கு.
காலமானார்: அது சுவரொட்டிச் சொல்,
சுற்றிலும் கறுப்புக் கட்டம் வேண்டும்.
இறைவனடி சேர்ந்தார்: எந்த இறைவன், நான் அறியேன்.
போயிட்டார் என்றால்
எந்த வார்டுக்கு என்று கேட்பாள்.
செத்துட்டார் என்பது அவள் சொல்லி அழவேண்டிய சொல்,
நான் எடுத்துக்கொள்ள முடியாது.
தவறிட்டார். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்.
ஆனால் நேற்றுத்தான் தேறிய மனிதனை
எந்த வாயால் தவறினார் என்பது?
உயிர் போனால் இந்த ஊரில் பாஸ்,
எங்கள் ஊரில் ஃபெயில்.
ஒரே ஆள், இரண்டு மார்க் ஷீட்.

"மொழிபெயர்ப்பாளர் விளக்கம் கேட்கிறார்" என்றேன்.
என்னை நானே படர்க்கையில் வைத்துத்தான்
இந்தத் தொழிலில் வாய் திறக்க முடியும்.
"டாக்டர் சொல்வது மரணத்தையா?"

அந்தப் பக்கம் ஏதோ ஒரு கருவி
யாருக்கோ பீப் பீப் என்றது.
பிறகு அவர் ஓரசைச் சொல் ஒன்றைச் சொன்னார்,
மெத்தை இல்லாத சொல்.

"இறந்துட்டார் அக்கா."

அக்கா மட்டும் நான் கூட்டியது.
இதுவரை யாரும் புகார் செய்யவில்லை.

அவள் நெடுநேரம் கழித்து,
"நாலு பத்துக்கோ?
நான் அப்ப கார் பார்க்குக்குக்
காசு போடப் போனனான்."
அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.
எந்தச் சொல்லும் தடுக்கவில்லை.
அதுதான் தாங்கவில்லை.

அழைப்பு பத்தொன்பது நிமிடம்.
காப்பியைச் சூடாக்கும்போதுதான் உறைத்தது:
இற என்றால் கட, தாண்டு.
பழைய பொருள் அதுதானே.
ஏழாம் வகுப்பில் இறந்தகாலம் என்று
பத்தி பத்தியாக எழுதினோமே,
அது செத்த காலமா, கடந்த காலம்.
அப்படியானால் நானும்
பாஸ் என்றுதான் சொல்லியிருக்கிறேன் அவளிடம்.
காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது.

ஒன்பது இருபது.
ஜெபினிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி.
ஒரே சொல்,
பின்னால் ஆறு ஆச்சரியக்குறி.

கார் டெஸ்ட், கார் டெஸ்ட், அவன் கார் டெஸ்ட்டுக்குப் போனவன்,
இனிச் சிவப்பு பி அட்டை மாட்டுவான் என்பது
நினைவுக்கு வர
மூன்று நொடி ஆயிற்று.

மெதுவா ஓட்டிட்டு வா, என்று பதில் போட்டேன்.
அவன் கட்டைவிரல் ஒன்றை அனுப்பினான்.